செங்கிலிருந்து வந்த கருவண்டுகள்

சேதுராமன் கேமரன் மலையில், தானா ராத்தாவில், தண்ணீர் இலாகாவில் கணக்கெழுதும் கிராணியாகப் பதினோரு வருஷம் இருந்தவன். ஐம்பத்தேழாம் ஆண்டு ஜனவரியில் மலாக்காவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அது பதவி உயர்வுக்காகக் கேட்ட மாற்றல் அல்ல. மனைவி சிவகாமசுந்தரிக்கு ஆறு மாதமாக இருமல் நிற்கவில்லை. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர் காசநோய் என்று சொல்லிவிட்டார். மலைக்குளிர் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊராகப் பார்த்துப் போங்கள் என்றார். பிள்ளைகள் இரண்டு பேரையும் தாப்பாவில் சிவகாமியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கணவனும் மனைவியும் சாமான்களோடு லாரியில் மலாக்கா வந்து சேர்ந்தார்கள்.

ஊருக்குள் காஜா பேராங்கில் ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டி ஒரு பாய் விரித்தாற்போலக் கொஞ்சம் மண். வேலிக்கு அப்பால், பல தலைமுறையாக இங்கேயே வேரூன்றிவிட்ட மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு, கம்போங். வந்து சேர்ந்த நாலாம் நாள் சிவகாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். எத்தனை நாள் இருக்கவேண்டும் என்று சேதுராமன் கேட்டதற்கு, நாளாக எண்ணாதே, மாதமாக எண்ணிக்கொள் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவன் கையில் வைத்தாள். தானா ராத்தா வீட்டுத் தோட்டத்துப் பீன்ஸ் விதை. பெருவிரல் நகம் அகலம், ஊதா நிறம், மேலே மை தெளித்தாற்போலக் கறுப்புத் திட்டு. அங்கே வீட்டின் பின்புறம் கம்புகளைச் சுற்றிக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் ஏறிச் சிவப்புச் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் கொடி அது. வாரத்தில் நாலு நாளாவது அந்தக் காய்தான் பொரியல். நோய் வந்து சோறே வேண்டாம் என்று ஆன பிறகும், அந்தப் பொரியல் இருந்தால் நாலு வாய் சாப்பிடுவாள்.

"நான் திரும்பி வர்றப்போ காய் இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

சேதுராமனுக்குத் தோட்ட வேலை தெரியாது. கொடியை நட்டது, கம்பு ஊன்றியது, பறித்தது எல்லாம் அவள், அவன் சாப்பிட்டவன். அதனால் முதலில் அவனுக்குத் தெரிந்த வேலையைச் செய்தான்: இடத்தைச் சுத்தம் பண்ணினான். பின்பக்க வேலி பழைய மரத்தூண்களால் ஆனது. தூண்களில் விரல் நுழையும் அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள். அவற்றிலிருந்து பெருவிரல் தடிமனுக்குக் கருவண்டுகள் உறுமிக்கொண்டு வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன. நோயாளி வந்து படுக்கப் போகிற வீடு. இவை கொட்டி வைத்தால் என்ன செய்வது என்று பயந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்களைப் பிடுங்கிக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். அடுத்த வீட்டுப் பின்கட்டில் சாரோங் கெபாயா கட்டிய ஒரு பெண்மணி வந்து நின்று புகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அவன் புதுக் கம்பி வேலி போட்டான்.

மார்ச்சில் பாதி விதையை ஊன்றினான். கோழி எருவைக் கூடை கூடையாகக் கொட்டினான். கொடி முரட்டுத்தனமாக வளர்ந்தது, இலைகள் கருகருவென்று உள்ளங்கை அகலம். மே மாதக் கடைசியில் பூத்தது. தானா ராத்தாவில் பார்த்த அதே சிவப்பு. அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சைக்கிளை வேகமாக மிதித்தான்.

காசநோய் வார்டில் பார்வையாளர்கள் வராந்தாவோடு நிற்கவேண்டும். வராந்தாவில் நின்றபடி, "பூத்திருச்சு" என்றான். சிவகாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். எத்தனை கொத்து, எந்தக் கம்பில் அதிகம் என்று கேட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் நோயைத் தவிர வேறு ஒன்று தெரிந்தது.

அடுத்த வாரம் அவள், "பிஞ்சு வெச்சுச்சா?" என்று கேட்டாள்.

வைக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் கொடிக்குக் கீழே மண் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு பூவும் காம்போடு கழன்று விழுந்துகொண்டிருந்தது. அன்று காலையும் அவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனால் அவள் கேட்ட முகத்தைப் பார்த்தபோது, "வெச்சிருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த வாரம், விரல் நீளம் வந்துவிட்டது என்றான். பிறகு அவள் கேட்பதும் அவன் அளவு சொல்வதுமாக அது நடந்தது. முற்றவிடாதீர்கள், இளசாகப் பறித்து நீங்களாவது சாப்பிடுங்கள் என்று அவள் சொன்னாள். சரி என்றான்.

இந்தப் பொய்யை எப்படியாவது மெய்யாக்கிவிட அவன் பாடுபட்டான். விவசாய இலாகாவில் இருந்த ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மலைப்பயிர், ராத்திரியிலும் புழுங்குகிற ஊரில் பூவோடு நின்றுவிடும் என்றார். கோழி எரு போட்டது தப்பு, அது இலைக்குத்தான் போகும். மதிய வெயில் படாத இடமாகப் பார்த்து, மழைக்காலத்தில் பூக்கிற மாதிரி போட்டு, கிணற்றுத் தண்ணீர் விட்டு வேரைக் குளிர்ச்சியாக வைத்துப் பார், அப்படியும் காய்க்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன் என்றார். ஜூலையில் கொடி காய்ந்து போனது. முடிச்சில் மிச்சம் ஒன்பது விதை இருந்தது.

செப்டம்பரில், நாடு சுதந்திரம் பெற்ற ஆறாம் நாள், சிவகாமியை வீட்டுக்கு அனுப்பினார்கள். சளியில் கிருமி இல்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள். மாத்திரையை விடக்கூடாது, மாதா மாதம் வந்து காட்டவேண்டும், ஓய்வாக இருக்கவேண்டும். மூன்று சக்கரத் திரிசாவில் வரும் வழியெல்லாம் அலங்கார வளைவுகள் நின்றன. கட்டிய தென்னை ஓலை காய்ந்து பழுப்பாகியிருந்தது, தேசியக் கொடிகள் மட்டும் புதிதாகப் பறந்தன. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பின்பக்கம் போனாள்.

கம்புகள் வெறுமனே நின்றன.

"காய் எங்கங்க?" என்றாள்.

"காய்க்கவே இல்ல சிவகாமி. ஒண்ணுகூட."

"விரல் நீளம்னு சொன்னீங்களே."

"மொத நாள் பூத்திருச்சுன்னு சொன்னப்போ, அன்னிக்கு நீ முழுசா சாப்பிட்டேன்னு நர்ஸு சொன்னாங்க. அதுக்கப்புறம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சிவகாமி அந்தக் கம்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபப்படுவாள் என்று அவன் காத்திருந்தான்.

"நெசந்தான்" என்றாள் கடைசியில். "பூத்திருக்கு, காய்ச்சிருக்குன்னு நீங்க சொல்லச் சொல்லத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. மிச்சம் விதை இருக்கா?"

ஒன்பதையும் எடுத்துக் கொடுத்தான். அடுத்த வீட்டு ரம்புத்தான் மரத்தின் கிளை வேலிக்கு இப்பால் சாய்ந்து நிழல் விழும் ஓரத்தில் ஊன்றவேண்டும் என்று அவள் காட்டினாள். அங்கே காலை வெயில் மட்டும்தான் வரும். ஒன்பதில் ஆறு முளைத்தது.

கிருமி இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தாலும் அதைத் தெருவில் யாரும் படிக்கவில்லை. சேதுராமனோடு வேலை பார்த்த ஒருவர் மனைவியோடு பார்க்க வந்தார். சிவகாமி காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் கோப்பையை வாங்கி, பேசி முடிக்கும்வரை கையில் வைத்திருந்து, போகும்போது ஜன்னலில் நிறைந்தபடியே வைத்துவிட்டுப் போனாள். சிவகாமி அதைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினாள். அதன் பிறகு வந்தவர்களுக்கு அவள் எதுவும் கொடுக்கவில்லை. யாராவது வந்தால் பின்கட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இதையெல்லாம் கணவனிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை.

நவம்பரில் மழை பிடித்தது. ராத்திரியில் போர்வை தேவைப்பட்டது. கொடி பூத்தது. சேதுராமன் ஆபீசுக்குப் போகுமுன் ஆறு வாளி, வந்த பிறகு ஆறு வாளி கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றினான். நாலே நாளில் மண் மறுபடியும் சிவந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அடுத்த வீட்டுப் பெண்மணி ஒரு தட்டில் தேங்காய்ப்பால் பலகாரத்தோடு வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் பொன்னம்மா என்றாள். பெயர்தான் தமிழ், பேச்சு மலாய். அந்தக் கம்போங்கில் அப்படித்தான். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பொங்கல் வைப்பார்கள், தமிழ் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. சிவகாமிக்குத் தெரிந்தது பசாரில் சாமான் வாங்குகிற மலாய். அதை வைத்துக்கொண்டு அவள், உட்காருங்கள் அக்கா, எனக்கு நெஞ்சில் நோய் இருந்தது, இப்போது இல்லை என்றாள். தெரியும் தங்காச்சி, அதுதான் இத்தனை நாள் தூங்கட்டும் என்று விட்டேன் என்று பொன்னம்மா சொன்னாள். காப்பி இல்லையா என்று அவளே கேட்டாள்.

சிவகாமி போட்டுக் கொடுத்தாள். பொன்னம்மா அடிவரை குடித்துவிட்டு, இன்னும் அரைக் கோப்பை வாங்கிக்கொண்டாள். கோப்பையைப் பிடித்தபடியே கொடிக்குப் போய், உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சேதுராமனைப் பார்த்து அவள் மலாயில் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"பூ குத்தம் இல்ல, தம்பி. இந்தப் பூவுக்கு கும்பாங் வரணும். பெரிய கறுப்பு வண்டு. நம்ம பக்கத்துல அதுங்க இருந்தது உன் வேலியில மட்டுந்தான்."

சேதுராமன் தலை குனிந்தான். அன்று புகையைப் பார்த்தீர்களே, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டான். புதிதாக வந்த ஆள், வீட்டில் நோய், முகத்தைப் பார்த்தால் தூங்கியே பல நாள் ஆனவன் மாதிரி இருந்தாய். வண்டுக்காக உன்னிடம் சண்டைக்கு வருவதா என்றாள் பொன்னம்மா. அவளுடைய அண்ணன் அப்பாசாமிக்குப் பக்கத்து ஊரான செங்கில் பழத்தோட்டம் இருந்தது. அங்கே பழைய கொட்டகை ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், உத்தரமெல்லாம் ஓட்டை, போய்க் கேள், நான் அனுப்பினேன் என்று சொல் என்றாள்.

அன்று மாலையே சேதுராமன் சைக்கிளில் செங்குக்குப் போனான். அப்பாசாமி சிரித்தார். இத்தனை வருஷத்தில் வண்டு வேண்டும் என்று வந்த முதல் ஆள் நீதான் என்றார். கைநீள உத்தரத்துண்டு ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். இருட்டினால்தான் எல்லாம் உள்ளே அடங்கும், விடிவதற்குள் எடுத்துப் போகவேண்டும் என்று அவனை அங்கேயே சாப்பிட்டுப் படுக்கச் சொன்னார். விடியற்காலையில் இருவருமாக ஓட்டைகளில் ஈரத்துணியை அடைத்து, துண்டைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டினார்கள்.

செங்கிலிருந்து காஜா பேராங் வரைக்கும் அந்தக் கட்டை அவன் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டே வந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் முனகல் உறுமலானது. எதிரே வந்த பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். சேதுராமனுக்குக் கழுத்து வியர்த்தது. ஜனவரியில் இவற்றைக் கொளுத்தியவன் இப்போது ஒரு வண்டும் சாகாமல் இருக்கவேண்டுமே என்று பள்ளம் பார்த்து மெல்ல மிதித்தான்.

கிணற்றடியில், மழை படாதபடி தாழ்வாரத்துக்குக் கீழே, கட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். துணியை எடுத்ததும் முதல் வண்டு வெளியே வந்து, ஓட்டை வாயில் உட்கார்ந்து கால்களைத் துடைத்துக்கொண்டது. அன்று மத்தியானத்துக்குள் ஐந்து வண்டுகள் வந்தன. இரண்டு திரும்பவேயில்லை. மூன்று தங்கின.

மூன்று வண்டு எத்தனை பூவுக்குப் போகும்? இந்தக் கேள்விக்குச் சிவகாமிதான் வழி கண்டாள். ஓய்வாக இரு என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுக்கு நாள் முழுக்க அந்த நாற்காலிதான். வண்டு எங்கே உட்காருகிறது, என்ன செய்கிறது என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் சேதுராமன் ஆபீசிலிருந்து வந்ததும் அவனைக் கொடிக்கு அழைத்துப் போனாள்.

"இங்க பாருங்க. வண்டு எப்பவும் இந்த எடப்பக்க எதழ்மேலதான் ஒக்காருது. அது கனத்துல எதழ் அமுங்குது. அமுங்கினா என்ன ஆகுதுன்னு பாருங்க."

விரல் நுனியால் மெதுவாக அழுத்தினாள். பூவின் நடுவில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருந்த மூக்கிலிருந்து வெள்ளை நரம்பு ஒன்று மகரந்தத்தோடு வெளியே எட்டிப் பார்த்தது. விரலை எடுத்ததும் உள்ளே போய்விட்டது. இன்னொரு பூவுக்குப் போய் அதே விரலால் அழுத்தினாள். தானா ராத்தாவில் வண்டுகள் மொய்த்துக் கிடந்தன. பூவுக்குள் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷம் ஒரு நாளும் நின்று பார்க்க நேர்ந்ததில்லை என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில், வெயில் ஏறுமுன், வண்டுகள் மேல்கொத்துகளைப் பார்த்துக்கொள்ள, அவள் கைக்கெட்டிய பூக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். களைத்தால் உட்கார்ந்துகொள்வாள். சேதுராமன் பூவின்மேலும் படும்படி தண்ணீர் தெளித்தான். மழையும் விடாமல் பெய்தது. எது பலித்தது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, வாடிய பூ ஒன்று விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சிவகாமி பார்த்தாள். இதழை விலக்கினாள். உள்ளே குண்டூசி நீளத்துக்கு, மெல்லிய ரோமத்தோடு, பச்சைப் பிஞ்சு. அவள் அவனைக் கூப்பிடவில்லை. அப்படியே நின்று அழுதாள். தண்ணீர் இறைக்க வந்த சேதுராமன் என்னவோ ஏதோ என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவள் காட்டிய பிஞ்சின்மேல் குனிந்தான்.

அந்த மாதத்துப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தது. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தார்கள். இனி இங்கேயே படிக்கட்டும் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். பத்துப் பூவுக்கு ஒன்றுதான் பிஞ்சானது. மலையில் காய்த்ததில் கால்வாசி நீளம்கூட இல்லாத காய்கள். ஆனாலும் முதல் பொரியலுக்குப் பதினாலு காய் தேறியது. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். பொன்னம்மாவுக்குக் கொஞ்சம் கொடுக்கலாமே என்று சேதுராமன் சொன்னான். காப்பி குடித்தது வேறு, சமைத்ததைக் கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்தவேண்டாம் என்று சிவகாமி சொல்லிவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டிகளுக்குப் பெரிய நாள். பார்ச்சு என்பார்கள். இறந்துபோன முன்னோர்களுக்கு வீட்டுக்குள் வாழையிலை போட்டு, சமைத்ததையெல்லாம் படைத்து, கும்பிட்ட பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவது. அன்று காலை பொன்னம்மா கையில் வெறும் தட்டோடு வந்து நின்றாள். கொடியில் இருக்கிற காயைப் பறித்துக் கொடு, இலையில் வைக்கவேண்டும் என்றாள்.

சிவகாமி தயங்கினாள். தன் அரைகுறை மலாயில், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா, இது ஒவ்வொரு பூவும் நான் கைவைத்தது, படைக்கிற இலைக்கு வேண்டாம் என்றாள்.

பொன்னம்மா தட்டை அவள் கையில் திணித்தாள்.

"நீ கைவெச்சதாலதான் தங்காச்சி கேக்குறேன். செத்துப் பொழச்ச கை. எங்க பெரியவங்களுக்கு அது போதும். நீயே பறி, வந்து நீயே சமை."

சிவகாமி பறித்தாள். இருபத்திரண்டு காய் இருந்தது. பொன்னம்மாவின் அடுப்பில், அந்த வீட்டுப் பெண்கள் மீனும் மிளகாய் அரைத்த சம்பாலும் சமைத்துக்கொண்டிருந்த இடத்தில், கடுகு தாளித்துத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். பொன்னம்மா அதை வாங்கிக்கொண்டுபோய் நடு இலையில் வைத்தாள். முன்னோர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நின்றார்கள். பிறகு திறந்தார்கள், கும்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது சிவகாமி சுவரோரமாக ஒதுங்கினாள். செங்கிலிருந்து வந்திருந்த அப்பாசாமியின் மனைவி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டு, இலையைத் தட்டிக் காட்டினாள். முன்கூடத்தில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த சேதுராமனுக்கு வாசல்கால் வழியாக மனைவி தெரிந்தாள். இரண்டு பக்கமும் தோளோடு தோள் பெண்கள். யாரோ அவள் இலையிலிருந்து பொரியலை எடுத்துத் தின்றுவிட்டு, என்ன போட்டாய் என்று விசாரித்தார்கள். அவள் பதில் சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினாள். அவனுக்குக் கண் கலங்கியது. சம்பால் காரம் என்று பக்கத்திலிருந்த அப்பாசாமியிடம் சொன்னான்.

கிளம்பும்போது அவன் வாசலில் பொன்னம்மாவிடம் மலாயில் நன்றி சொல்லி, தெரிமா காசே என்றான். அந்த இரண்டு சொல் போதவில்லை என்று தோன்றியது. மலாயில் வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரொம்ப நன்றிங்கக்கா என்று தமிழில் ஆரம்பித்தான். வார்டு வராந்தாவில் நின்றது, பொய் சொன்னது, வேலியைக் கொளுத்தியது, இன்றைக்குச் சிவகாமி இரண்டாம் தரம் சோறு வாங்கியது என்று மனதில் இருந்ததெல்லாம் தமிழிலேயே வந்தது. பொன்னம்மாவுக்கு அதில் எத்தனை சொல் புரிந்திருக்கும் என்று தெரியாது. அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.